அப்பா கொறட்டை

— அந்தப் பக்கம் இல்லபா. இந்தப் பக்கம் திருப்பு.

— சார், உங்க தறிக்கூடம் அந்தப் பக்கம்தானே இருக்குது? சத்தம்கூட அங்கருந்துதான் கேக்குது.

— தறிக்கூடத்துக்கு இன்னாத்துக்குபா வை-ஃபை? தறி இன்னா வாட்ஸப் பாக்கப் போவுதா?

— ஆபீஸ்ல குடுத்த சீட்டுல அப்படித்தாங்க போட்டிருக்குது. 'பச்சையப்பன், பட்டு வியாபாரம். மாடியில வெளிப்புற வை-ஃபை ஒண்ணு, தறிக்கூடத்துக்கு.' கீழ என் பேருகூட இருக்குது பாருங்க, தென்னரசுன்னு. நானா கண்டுபுடிச்சிச் சொல்லல.

— போன்ல ஒரு பொண்ணு எதுக்குன்னு கேட்டுது. வாய்க்கு வந்தத சொன்னேன். நீ சீட்ட மடிச்சி ஜோபில வை. தோ, அந்த வாட்டர் டேங்க்குக்குப் பின்னால பாரு. நீலக் கலரு அடிச்ச வூடு தெரியுதா?

— மாடிக் கொடியில பச்சப் பொடவ காயுதே, அதுங்களா?

— அதேதான். பொட்டி அத்தப் பாக்கணும்.

— எரநூறு மீட்டராவது இருக்கும் போலிருக்குதே சார்.

— மீட்டர் எனக்குத் தெரியாது. வளஞ்சி வளஞ்சி நடந்து போனா நானூத்திப் பன்னண்டு அடி வெக்கணும்.

— அளந்தே வெச்சிருக்கீங்க. யாரு வூடுங்க அது?

— உனக்கு இன்னாத்துக்கு? பொட்டி மாட்ட வந்தவன் பொட்டிய மாட்டு.

— மாட்டிடறேங்க. அடுத்தவங்க வூட்டப் பாத்து நான் பொட்டியத் திருப்பி, நாளைக்கி அவங்க வந்து 'எவன்டா இத்த மாட்டனவன்'னு கேட்டா, ஒத வாங்கறதுக்குன்னு ஆபீஸ்ல தனியா ஆளு வெக்கல. அந்த வேலையும் நான்தான் பாக்கறேன்.

— ஒதைக்க மாட்டாங்க.

— தெரிஞ்சவங்களா?

— தெரிஞ்சவங்கதான். ஜல்தி ஆவட்டும், வெயில் ஏறுது. பழைய டிஷ்ஷு கம்பம் தாங்குமா?

— என்னையே தாங்குது, பொட்டிய தாங்காதா. அந்த ஸ்பேனர மட்டும் எடுத்துக் குடுங்க.

— இந்தா. நீ எந்த ஊருபா?

— சந்தவாசலுங்க.

— சந்தவாசல்ல எங்க?

— பஸ்ஸ வுட்டு எறங்கி நடக்கணும்.

— எந்தப் பக்கமா நடக்கணும்?

— சார், சிக்னல் தேடும்போதுகூட நான் இவ்ளோ மெனக்கெட மாட்டேன். ஊருக்குள்ள இல்லீங்க. காலனி. அதத்தான கேக்க வந்தீங்க?

— சும்மாதான் கேட்டேன்.

— எல்லாரும் சும்மாதாங்க கேக்கறாங்க. வூட்டுக்குள்ள நல்ல படிக்கட்டு இருக்குது, நீங்க வெளியில இருக்கற இரும்பு ஏணில ஏறி வான்னீங்க. பையத் தூக்கிகினு ஏறும்போதே நெனச்சேன்.

— அது உனக்குன்னு இல்லபா. வேலைக்கி யாரு வந்தாலும் அந்த ஏணிதான். உள்ள பூஜ ரூம தாண்டித்தான் மாடிக்கு வரணும், அதுக்கு.

— பரவால்லீங்க. என் மூஞ்சியப் பாத்தா சாமியே ஒரு நிமிசம் ரோசன பண்ணும். இந்தப் பொட்டிலயும் ரெண்டு ஜாதி இருக்குதுங்க. ஒரு ஜாதி நாலு பக்கமும் ஒரே மாதிரி பரப்பும். இன்னொரு ஜாதி ஒரே பக்கமாத்தான் பாக்கும், மத்தப் பக்கம் ஆளு இருக்குதான்னு திரும்பிக்கூடப் பாக்காது. நீங்க கேட்டிருக்கறது ரெண்டாவது.

— குத்திக் காட்டறியா?

— ஐயோ, பொட்டி மேல எழுதியிருக்கறதச் சொன்னேங்க. சரி, பேரு இன்னா வெக்கட்டும்?

— கீழ இருக்கற பழைய பொட்டிக்கு இன்னா பேரோ அதே பேரு.

— அது என்னன்னு...

— அப்பா கொறட்டை.

— சார்?

— இங்கிலீஷ்ல. எல்லாமே பெரிய எழுத்து. நடுவுல எடம் வுடக் கூடாது.

— சிரிக்கலாங்களா, இல்ல வேல முடிஞ்ச பொறவு தெருவுக்குப் போயி சிரிச்சிக்கட்டுமா?

— இங்கியே சிரி. ஊரே சிரிச்சாச்சு. கொரோனா டைம்ல எங்க பானு காலேஜு படிச்சிகினு இருந்தா. வூட்லயே கிளாஸு, போன்ல. ஒரு நாள் மத்தியானம் வாத்தியாரு என்னமோ கேள்வி கேட்டிருக்காரு. இவ மைக்க தொறந்துட்டா. பக்கத்துல நான் பாயில. என் கொறட்ட மொத்த கிளாஸுக்கும் போயிட்டுது. வாத்தியாரு 'யாரும்மா மாடு கட்டியிருக்கறது'ன்னாராம்.

— நல்ல வாத்தியாரு.

— அன்னிக்கி சாயந்தரமே பேர மாத்திட்டா. அவங்க அம்மா வந்து எனக்குப் படிச்சிக் காட்டனா. ரெண்டு பேரும் சுவத்தப் புடிச்சிகினு சிரிக்கிறாங்க.

— பாஸ்வேர்டு?

— ரேணுகாம்பாள். என் வூட்டுக்காரம்மா பேரு. ஆர், ஈ, என், என்...

— ஒரு 'என்' போதுங்க. ரெண்டு போட்டுட்டீங்க.

— ரெண்டுதான். மொதல்ல அடிச்சது நானு. பானு பாத்துட்டு, 'அம்மா பேரையே தப்பா அடிச்சிட்டியேப்பா'ன்னு ஒரு கத்து கத்தனா. அப்புறம், 'இருக்கட்டும், தப்பா இருந்தாத்தான் பக்கத்து வூட்டுக்காரன் கண்டுபுடிக்க மாட்டான்'னு அப்படியே வுட்டுட்டா.

— இப்பவாவது சரியா போடட்டுங்களா?

— வாணாம். தப்பாவே போடு. தப்பா போட்டாத்தான் அவ போனு புடிக்கும்.

— எவ போனுங்க? சார், அந்தப் பச்சப் பொடவ...

— ஆமா. பானு வூடுதான் அது. என் பொண்ணு வூடு. அவ போன்ல பழைய பேரு இன்னும் அழிக்காம இருந்தா, இங்கருந்து போற பேரப் பாத்து அதுவே புடிச்சிக்கும் இல்ல?

— அழிக்காம இருந்தா புடிச்சிக்கும். அதுக்குக் கேட்டுகினு இருக்கத் தேவயில்ல.

— கேக்கக் கூடாது. அதுக்குத்தான் உன்ன வரவழச்சேன்.

— ஒரு வார்த்த அவங்ககிட்டயே சொல்லிட்டா வேல சுலபமா முடியுமே.

— பேச்சு வார்த்த இல்ல.

— எத்தன நாளா?

— மூணு வருசம். ஆனா லைனு இப்பவும் கொஞ்சம் போயிகினுதான் இருக்குது. அத்த நீ கொஞ்சம் தூக்கி வுட்டா போதும், புதுசா ஒண்ணும் செய்ய வாணாம்.

— எது போயிகினு இருக்குது?

— நம்ம லைனுதான். கீழ இருக்கற பொட்டி. தெனம் காலையில அந்த வூட்டுக்கு எதுர்ல இருக்கற பால் கடையாண்ட போயி நிப்பேன். என் போன்ல 'அப்பா கொறட்டை' வரும். ரெண்டு கோடு.

— சார், கீழ இருக்கற பொட்டி உங்க கொல்லப்பக்கம் போறதுக்கே மூச்சு வாங்கும். நாலு சுவரு, நடுவுல வாட்டர் டேங்க்கு, அப்புறம் ரெண்டு தெரு. வாய்ப்பே இல்ல.

— நான் பொய் சொல்றனா? நாலு மாசமா கண்ணால பாத்துகினு இருக்கேன்.

— பால் கடை உங்க தெருவுலயே இருக்குதே. நானே அங்கதான் வண்டிய நிறுத்தனேன்.

— அந்தப் பால் நல்லா இருக்கும்.

— ரெண்டும் ஒரே பாக்கெட்டுங்க.

— நீ வேலைய பாக்கறியா, பால பாக்கறியா?

— வேலைய பாக்கறேன். எப்பவாவது காத்து வாட்டத்துல சிக்னல் எங்கியோ போயி முளைக்கும், நானும் பாத்திருக்கேன். நாலு மாசமா தெனமும்னா அதிசயந்தான். அதென்னங்க கணக்கா நாலு மாசம்?

— அதுக்கு முன்ன அவங்க தேவிகாபுரத்துல இருந்தாங்க. அந்தப் பையன் ஊரு. கவர்மெண்ட் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறான், அருள்ராஜுன்னு பேரு. மாத்தலாகி ஆரணிக்கு வந்தானாம். வந்து இந்த வூட்ட வாடகைக்கிப் புடிச்சிருக்காங்க.

— இவ்ளோ பெரிய ஆரணில, உங்க மாடியில இருந்து பாத்தா தெரியற வூடுதான் கெடச்சுதா அவங்களுக்கு?

— அத்தத்தான் நானும் ரோசன பண்ணிகினு இருக்கேன்.

— அவரும் எங்க மாதிரி காலனிங்களா?

— ...ஆமா.

— அப்போ நான் ஏணில ஏறி வந்ததுல தப்பே இல்லீங்க. அந்த ஒயர் கட்டரு.

— இந்தா. உன் வாய் இருக்குதே. பேஜாரு புடிச்ச வாயி.

— சம்பளத்துல பாதி இதனாலதான் ஏறாம இருக்குது. கேபிள இங்க ஒரு மடி தொங்க வுடணும் சார், கொஞ்சம் புடிச்சிக்குங்க. நேரா வுட்டா மழத் தண்ணி கேபிள் வழியாவே பொட்டிக்குள்ள எறங்கிடும். தொங்க வுட்டா, கீழ வந்து சொட்டிட்டுப் போயிடும்.

— இதுவா? இவ்ளோ போதுமா?

— போதும். வை-ஃபை இல்லாம இருக்கறது அவங்களுக்கு அவ்ளோ பெரிய கொறயா? டவர்ல ஓட்டிக்க மாட்டாங்களா?

— அங்கதான் சங்கதியே. அந்தத் தெரு அரிசி மில்லு சுவத்துக்குப் பின்னால இருக்குது. டவரு சுத்தமா எடுக்காது. எந்தக் கம்பெனி சிம்மு போட்டாலும் எடுக்காது, பால்காரனே சொல்றான். நான் போயி நின்னா டவர்ல ஒரு கோடுகூட இருக்காது, வை-ஃபை மட்டும்தான் காட்டும். அவளுக்கு இப்ப எட்டாம் மாசம்.

— ஓ.

— இங்கருந்து பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டேன். துணி காயப் போட வருவா. மொதல்ல சாதாரணமா எட்டிப் போட்டா. அப்புறம் இடுப்புல கைய வெச்சிகினு போட ஆரம்பிச்சா. போன வாரத்துல இருந்து அந்தப் பையன் வந்து போடறான். இவ பக்கத்துல நின்னுகினு கிளிப்பு எடுத்துக் குடுக்கறா. அவனுக்கு பாதி நாளு ராத்திரி ட்யூட்டி. அவ தனியா இருக்கும்போது வலி எடுத்தா? டவரு இல்லாத தெருவுல எவனுக்கு எப்படிப் போன் போடுவா? வை-ஃபை இருந்தா வாட்ஸப்பிலயாவது கூப்பிடுவா இல்ல?

— கூப்பிடலாங்க. சரியாத்தான் ரோசன பண்ணியிருக்கீங்க.

— தாயி இருந்தா வளகாப்பு போட்டு வூட்டுக்கு இட்டுகினு வந்திருப்பா. தாயும் இல்ல.

— வளகாப்புக்கு வை-ஃபை சீர் அனுப்பற மொத அப்பா நீங்கதான் சார். சிரிக்கறதுக்குச் சொன்னேன், மனசுல வெச்சிக்காதீங்க.

— சிரிப்பு வரலபா. நான் அவளத் தல முழுகினவன்.

— நெசமாவேவா?

— ஸ்டேசன்ல எல்லாரும் ஒக்காந்திருக்கோம். அவன்கூடத்தான் போவேன்னு கையெழுத்துப் போட்டுட்டா. நான் வந்து, தோ, கீழ தெருக் கொழாயாண்ட ஒக்காந்து, கொடத்த எடுத்துத் தல மேல ஊத்திகினேன். 'இன்னியோட என் பொண்ணு செத்துட்டா'ன்னு. மூணு கொடம். எங்க ஜனம் மொத்தமும் நின்னு பாத்துது. அவங்க அம்மா வாசப்படியில ஒக்காந்து பாத்தா. போன ஆடியில அவளும் போயிட்டா. ரேணுகா. சக்கரதான், கால்ல புண்ணு, ஆறவே இல்ல. தேவிகாபுரத்துக்கு யாரோ சொல்லியிருக்காங்க. பொண்ணு பஸ் புடிச்சி வந்துட்டா. தெரு முனையிலயே பங்காளிங்க நிறுத்திட்டாங்க. 'தல முழுகினவன் வூட்டுக்கு எந்த மொறையில வரே'ன்னு. அவ சண்ட போடல. அங்கியே நின்னுகினு இருந்தா, பொணத்த எடுக்கற வரைக்கும். பாட அவளத் தாண்டித்தான் போச்சு.

— நீங்க?

— கொள்ளிச் சட்டியோட முன்னால போயிகினு இருந்தேன். நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பாங்க.

— சொல்லலியா?

— வாய் வரல.

— ...

— இன்னா, வாயாடி, பேச்சக் காணோம்?

— பல்லுல டேப்பு கடிச்சிகினு இருந்தேன் சார்.

— பொய்யி.

— பொய்தாங்க.

— மூக்கத் தொடச்சிக்கோ.

— வெயிலுங்க. அப்புறம் எதுவும் குடுத்து அனுப்பிப் பாக்கலியா நீங்க?

— பாத்தேனே. அவ இங்க குடி வந்ததும் ஒரு பட்டுப் பொடவ, நானே எடுத்து வெச்சது, பால்காரன்கிட்ட குடுத்து அனுப்புனேன். கட்டுகூடப் பிரிக்காம திரும்பி வந்துச்சி. மாம்பழம் அனுப்புனேன், அதுவும் திரும்பி வந்துச்சி. 'குடுத்தவருக்குக் கால் இருக்குது இல்ல, அவரே வந்து குடுக்கட்டும்'னாளாம். எவ்ளோ திமிரு பாரு.

— அது திமிரா சார்?

— வேற இன்னா?

— எனக்குத் தெரியாதுங்க. நான் பொட்டி மாட்ட வந்தவன்.

— அதான் இத்த ரோசன பண்ணேன். காத்துல போறத எப்படித் திருப்பி அனுப்புவா? அது வந்துகினே இருக்கும். யாரு அனுப்பறதுன்னுகூடத் தெரியாது.

— 'அப்பா கொறட்டை'ன்னு பேரு வருமே சார். தெரியாமலா இருக்கும்?

— தெரியட்டும். தெரியாத மாதிரி இருந்துக்கட்டும். நானும் தெரியாத மாதிரி இருந்துக்கறேன்.

— ஒரு விசயம் இப்பவே சொல்லிடறேன், அப்புறம் என்னத் திட்டக் கூடாது. இந்தப் பொட்டிக்கு தொண்ட பெருசு. இங்கருந்து கத்தனா அந்த மாடி வரைக்கும் கேக்கும். ஆனா அவங்க கையில இருக்கற போனுக்கு சின்னத் தொண்ட. அது சொல்ற பதிலு இங்க வந்து சேர்ந்தாத்தான் லைன் நிக்கும். நாம கத்தறது அங்க கேட்டு, அங்க முணுமுணுக்கறது இங்க கேக்கலன்னா, கோடு மட்டும் ஃபுல்லா காட்டும். ஒண்ணும் வேல செய்யாது.

— அதுக்கு இன்னா வழி?

— இங்க கத்தறத கொஞ்சம் கொறச்சி வெச்சி, அங்க பேசறது கேக்கற மாதிரி கோணத்த புடிக்கணும். அதுக்குத்தான் அரை மணி நேரமா பொட்டிய ஆட்டிகினு இருக்கேன்.

— எங்க பரம்பரையில அந்தப் பழக்கம் கெடையாது.

— எதுங்க?

— கத்தறத கொறைக்கறது.

— பொட்டிக்கு அந்தப் பழக்கம் இருக்குது, கவலப்படாதீங்க. மேல வேல முடிஞ்சுது. இனிமே கீழ போயி பழைய பொட்டிய கழட்டணும். ரெண்டும் ஒரே பேர்ல கத்தனா போனு கொழம்பிப் போயிடும். ஃபைபர் வர்ற பொட்டியோட ஒயரையும் மாத்தணும். அது எங்க இருக்குது?

— ஹால்ல, ரேணுகா போட்டோவுக்குக் கீழ.

— ஏணில எறங்கி, வாசலுக்கு வந்து, கூப்பிடறேன். நீங்க எடுத்துக் குடுத்துடுங்க.

— எதுக்கு சுத்திகினு? இப்படியே படியில எறங்கு.

— பூஜ ரூமு?

— தாண்டிப் போ. கால் இருக்குது இல்ல உனக்கு?

— இருக்குதுங்க.

— நான் பால் கடையாண்ட போயி நிக்கறேன். அங்க எவ்ளோ வருதுன்னு பாத்துச் சொல்றேன்.

— அங்க டவரு எடுக்காதே. வை-ஃபை புடிச்ச பொறவு வாட்ஸப்ல கூப்பிடுங்க. ஆனா அவசரப்படாதீங்க, எனக்கு இன்னும் அரை மணி நேர வேல இருக்குது. இப்பவே போனா ஒண்ணும் வராது.

— நான் நடக்கறதுக்கே அஞ்சு நிமிசம் ஆவும். நீ ஜல்தியா முடி.

* * *

— அலோ. தென்னரசு, கேக்குதா?

— கேக்குதுங்க. அதுக்குள்ள கூப்பிட்டுட்டீங்களா? நான் இன்னும் உங்க ஹால்லதான் நிக்கறேன்.

— பூஜ ரூம தாண்டித்தான போன?

— ஆமாங்க. சாமி ஒண்ணும் சொல்லல. சார், ஒண்ணு கேக்கட்டுங்களா? இந்தப் போட்டோல அம்மா தோள் மேல ஒரு கை இருக்குது. கண்ணாடி வளையல் போட்ட கை. ஆளு இல்ல.

— மடிச்சி வெச்சிருக்கேன். சட்டத்துக்குப் பின்னால. வெட்டலபா. மடிச்சிதான் வெச்சிருக்கேன்.

— சரிங்க.

— அத்த வுடு. நீ கெட்டிக்காரன்யா. லைனு சும்மா கண்ணாடி மாதிரி இருக்குது. காதாண்ட நின்னு பேசற மாதிரி உன் குரல் கேக்குது.

— எந்த லைனுங்க?

— எந்த லைனா? நம்ம லைனுதான். நீ ஆன் பண்ணிட்ட இல்ல?

— சார், இப்ப நீங்க எங்க இருக்கீங்க?

— பால் கடையாண்ட. எப்பவும் நிக்கற எடம்.

— போன்ல டவரு பாருங்க. கோடு இருக்குதா?

— ஒண்ணுமில்ல. பெருக்கல் குறி போட்டிருக்குது.

— வை-ஃபை?

— 'அப்பா கொறட்டை.' ரெண்டு கோடு. நீ தூக்கி வுட்டேன்னு பாத்தா, அதே ரெண்டுதான் இருக்குது. ஆனா சத்தம் சுத்தமா வருதுபா.

— சார், நம்ம வூட்டுப் பக்கமா ஒரு பத்தடி திரும்பி வாங்க.

— இன்னாத்துக்கு?

— வாங்க, சொல்றேன்.

— வந்துட்டேன். ஒரு கோடு ஆயிடுச்சி. உன் குரலும் வுட்டு வுட்டு வருது.

— இப்ப திரும்பி, அந்த நீல வூட்டப் பாத்து நடங்க.

— அதாண்ட நான் போறது கெடையாதுபா.

— நாலு அடி, சார். டெஸ்டிங்குக்கு.

— ...மூணு கோடு.

— இன்னும் நாலு அடி.

— நாலு கோடு. ஃபுல்லு.

— இன்னும் நாலு.

— அதுக்கு மேல கேட்டுபா. கேட்டாண்ட வந்துட்டேன். இன்னாபா இது? நம்ம வூட்ட வுட்டு தூரம் போவப் போவ கொறையத்தான வேணும், எனக்கு ஏறிகினே போவுது?

— சார், நான் சொல்றதக் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. மேல இருக்கற புதுப் பொட்டிக்கு நான் இன்னும் கரண்டே குடுக்கல. பழைய பொட்டியக் கழட்டி கீழ வெச்சிருக்கேன். ஃபைபர் பொட்டி என் கையில இருக்குது. அதுல வெளக்குகூட எரியல.

— வெளையாடாத.

— அம்மா போட்டோ முன்னால நின்னுகினு சொல்றேன். உங்க வூட்ல இருந்து இப்ப ஒரு பொட்டும் வெளியில போகல.

— அப்போ நாம இன்னாத்துல பேசிகினு இருக்கோம்?

— உங்க பொண்ணு வூட்டு லைன்ல.

— ...

— சார்? இருக்கீங்களா?

— இருக்கேன்.

— அவங்க வூட்ல ஏற்கனவே லைன் இருக்குதுங்க. குடி வந்தப்பவே போட்டிருப்பாங்க, நாலு மாசமா. நீங்க தெனம் வந்து பாத்தது இங்கருந்து வந்தது இல்ல.

— அப்போ நான் அவளுக்கு எதுவும் குடுக்கல.

— இல்லீங்க. அவங்கதான் உங்களுக்குக் குடுத்துகினு இருக்காங்க.

— பேரு எப்படிபா? 'கொறட்டை'ன்னு பேரு...

— பேரு மட்டும் ஒண்ணா இருந்தா உங்க போனு வெளியிலயே நிக்கும். பாஸ்வேர்டும் ஒண்ணா இருந்தாத்தான் உள்ள வுடும். ரெண்டு 'என்' சார். புதுசா வாங்கன பொட்டியில ஒக்காந்து, அம்மா பேர வேணும்னே தப்பா அடிச்சிருக்காங்க. உங்களத் தவிர அந்தத் தப்பு வேற எவன் போனுக்கும் தெரியாது.

— நான் தல முழுகினவன்யா.

— தலதானங்க முழுகனீங்க. போனு முழுகலியே. அது நாலு மாசமா தெனம் அந்த வூட்டுக்குள்ள போயிட்டு வந்துகினு இருக்குது.

— அவ அங்க தெரு முனையில நின்னாப்பா. வெயில்ல. எவ்ளோ நேரம் நின்னா தெரியுமா? நான் திரும்பிகூடப் பாக்கல. இப்ப நான் எந்த மூஞ்ச வெச்சிகினு...

— இருக்கற மூஞ்சியோட போங்க சார். நான் தெனம் அப்படித்தான் நாலு வூடு ஏறி எறங்கறேன்.

— ஜன்னல்ல நெழலு ஆடுது. தம்பி, கதவு தொறக்குதுபா.

— யாருங்க? பானு அக்காவா?

— இல்ல. அவரு. அருள்ராஜு. லுங்கியோட வராரு. என்னப் பாத்துட்டாரு.

— நான் வெச்சிடட்டுங்களா?

— வெக்காத. கூடவே இரு. வெக்காத.

— இருக்கேன் சார். பேசுங்க. எதாவது பேசுங்க.

— ...இல்லபா, நான் சும்மா... பால் வாங்க வந்தேன். போன் பேசிகினு இருந்தேன். இங்க நின்னா கொஞ்சம் லைன் புடிக்குது, அதான். தோ, கெளம்பிட்டேன்.

— உள்ள வந்தா இன்னும் நல்லாப் புடிக்கும், மாமா.